இளைப்பு முதுமையால் வருவதா?



எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் 50, 60 வயதுக்காரர்களிடம், "நடந்தால் மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "வயசாச்சுல்ல டாக்டர், கொஞ்சம் இளைக்கத்தானே செய்யும்?" அவர்கள் வந்தது மூட்டுவலிக்காக இருக்கும், அல்லது சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனதற்காக இருக்கும். இளைப்பை ஒரு வியாதியாக எண்ணி வருகிறவர்கள் குறைவு. தலை நரைப்பதைப் போல, கண்ணாடி போட்டுக்கொள்வதைப் போல, இதுவும் வயதோடு வந்த ஒன்று என்று அவர்களும் வீட்டாரும் முன்பே முடிவு செய்துவிட்டிருப்பார்கள்.

இந்த முடிவு எவ்வளவு தூரம் சரி என்பதை இவ்விதழில் உங்களுக்கு விளக்க விரும்புகிறோம். உங்கள் சபையிலேயே சுற்றிப் பாருங்கள். முன்பெல்லாம் கீர்த்தனையை முழுச் சரணமும் பாடியவர், இப்போது பாதியில் நிறுத்தி மூச்செடுத்துக்கொள்கிறார். கிறிஸ்துமஸ் பாடல் பவனியில் எல்லாருக்கும் முன்னால் நடந்த பெரியவர், இரண்டு வருடமாக "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார். ஆலயத்தின் ஐந்தாறு படிகளை ஏறியதும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, யாரையோ எதிர்பார்ப்பதுபோல் நிற்கும் அம்மாவையும் பார்த்திருப்பீர்கள். இவர்களில் சிலருக்கு இருதயக் கோளாறு இருக்கலாம், சிலருக்கு இரத்தசோகை இருக்கலாம். கணிசமான பேருக்கு இருப்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்பார்கள்.

மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் இந்நோயில் கஷ்டம். பல வருடங்களாகப் புகையும் தூசியும் பட்டுப்பட்டு, காற்று போய்வரும் சிறு குழாய்களின் உட்சுவர் தடித்துப்போகிறது. சளி அதிகமாகச் சுரக்கிறது. குழாய்களின் முனையில் திராட்சைக் குலைபோல் இருக்கும் நுண்ணிய காற்றறைகளின் சுவர்களும் அழிகின்றன. நல்ல ரப்பர், இழுத்து விட்டால் தானே சுருங்கிவிடும். நைந்துபோன ரப்பர் தொளதொளவென்று நிற்கும். நுரையீரலும் அப்படியாகி, பழைய காற்று முழுவதும் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. புதிய காற்று வர இடம் இருப்பதில்லை. நோயாளி மார்பை உயர்த்தி உயர்த்தி மூச்செடுப்பது இதனால்தான்.

ஆஸ்துமாவும் இதுவும் ஒன்றல்ல. ஆஸ்துமா அநேகமாக இளவயதிலேயே தொடங்கும், வரும், போகும், இடையில் மூச்சு ஏறக்குறைய முழுமையாகத் திரும்பிவிடும். சி.ஓ.பி.டி. நாற்பதுக்கு மேல் மெதுவாகத் தலைகாட்டும். போன மூச்சு முழுவதும் திரும்புவதில்லை. எங்களிடம் வருகிறவர்கள் இரண்டையும் "வீசிங்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? எழுதிக்கொடுக்கும் சீட்டுகளிலும் பல சமயம் அந்த ஒரு சொல்தானே இருக்கிறது!

வயது எடுப்பது எவ்வளவு?

வயதானால் நுரையீரலின் சக்தி குறையும் என்பது உண்மையே. அந்தக் குறைவு எவ்வளவு என்பதையும் மருத்துவர்கள் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் புகைபிடிக்கும் பழக்கமுள்ள நடுத்தர வயதினர் ஏறத்தாழ 5,900 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் தொடர்ந்துவந்தவர்களின் 11 வருடக் கணக்கு 2002-ல் வெளியாயிற்று. மூச்சை நன்றாக இழுத்து வேகமாக ஊதும்போது முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட அளவு. ஆரம்பத்திலேயே புகையை விட்டுவிட்ட ஆண்களுக்கு இந்த அளவு வருடத்திற்குச் சுமார் 30 மில்லி லிட்டர் குறைந்தது. விடாமல் பிடித்த ஆண்களுக்கு 66 மில்லி குறைந்தது. பெண்களிலும் விட்டவர்களுக்கு 22 மில்லி அளவும், விடாதவர்களுக்கு 54 மில்லியும் குறைந்தன.

30 மில்லி என்பது இரண்டு மேசைக்கரண்டி அளவு. வயது எடுத்துக்கொள்வது ஏறக்குறைய அவ்வளவுதான். ஆரோக்கியமான ஒரு நடுத்தர வயது ஆண் முதல் வினாடியில் 3 லிட்டர் அளவுக்கு ஊதிவிடுவார். வருடத்திற்கு 30 மில்லி வீதம் போனாலும் 30 வருடத்தில் 900 மில்லிதான் போகும். மீதியிருக்கும் 2 லிட்டருக்கு மேற்பட்ட மூச்சில் அவர் சந்தைக்கும் போகலாம், பேரப்பிள்ளையையும் தூக்கலாம். 66 மில்லி வீதம் போனால் அதே 30 வருடத்தில் ஏறத்தாழ 2 லிட்டர் போய்விடும். மிஞ்சுவது 1 லிட்டர். குளித்துவிட்டு வேட்டி கட்டுவதற்குள் இரண்டு தடவை உட்காரவேண்டிய நிலை அது.

ஆகவே எழுபது வயதில் மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குவதை வயதின் கணக்கில் எழுதலாம். சமதரையில் தன் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்கமுடியாமல் பின்தங்குவதை அந்தக் கணக்கில் எழுதக்கூடாது.

எத்தனை பேருக்கு?

நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது சுலபமான காரியமல்ல. ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்த்தால் வந்தவர்களின் எண்ணிக்கைதான் தெரியும். வராதவர்களை எண்ணவேண்டுமானால் வீடுவீடாகப் போய் ஊதச் சொல்லவேண்டும். 2007-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் கேப் டவுன், மணிலா, குவாங்சோ, சிட்னி உட்பட 12 இடங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 9,425 பேரை அப்படித்தான் ஊதச் சொல்லி அளந்தார்கள். ஆரம்ப நிலையை விட்டுவிட்டு, நடுத்தர நிலையும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் எண்ணியபோதே 100-க்கு 10 பேர் தேறினார்கள். கேப் டவுனில் ஆண்களில் 22 சதவீதமும் பெண்களில் 17 சதவீதமும் இருந்தனர். புகைபிடித்தல் அந்நகரில் அதிகம். காசநோய் வந்துபோனவர்களும், தூசி நிறைந்த வேலை செய்தவர்களும் அநேகர்.

இன்னொரு கணக்கு 2022-ல் வந்தது. 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் 30 முதல் 79 வயது வரையுள்ளவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 39 கோடிப் பேருக்கு, இந்நோய் இருந்ததாக அது கூறுகிறது. வயதானவர்களுக்கு இயல்பாகவே மூச்சு குறையுமே, அவர்களையும் சேர்த்து எண்ணிவிட்டார்களோ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதே ஆய்வாளர்கள் அந்தந்த வயதுக்கு இயல்பான அளவை ஒதுக்கிவிட்டு மறுபடியும் எண்ணியிருக்கிறார்கள். அப்போதும் 7.6 சதவீதம், ஏறத்தாழ 29 கோடிப் பேர் எஞ்சினார்கள். முதுமைக்கு உரியதைக் கொடுத்துவிட்ட பிறகும் மிஞ்சுகிற தொகை இது. நோயாளிகளில் 5 பேருக்கு 4 பேர் வசதி குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் இருப்பதாகவும் அந்த ஆய்வு காட்டியது.

நமது நாட்டில் 1990-ல் சுமார் 2 கோடியே 80 லட்சமாக இருந்த நோயாளிகள் 2016-ல் 5 கோடியே 50 லட்சமாகிவிட்டார்கள் என்பது 2018-ல் வெளியான மதிப்பீடு. ஜனத்தொகை பெருகியதும், மக்கள் நீண்டகாலம் வாழ்வதும் இதற்கு ஒரு காரணம். 2016-ல் இந்தியாவில் மரணத்திற்குக் காரணமான நோய்களில் இருதய நோய்க்கு அடுத்தபடியாக, இரண்டாம் இடத்தில் இதுவே இருந்தது. இவ்வளவு பெரிய ஒரு நோயின் பெயரைத் தெருவில் நிறுத்திக் கேட்டால் பத்துப்பேரில் ஒருவராவது சொல்வாரா என்பது சந்தேகமே.

எல்லாவற்றிலும் எங்களை யோசிக்கவைத்த எண் வேறொன்று. 27 நாடுகளில் ஏறத்தாழ 31,000 பேரைப் பரிசோதித்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஊதிப் பார்த்ததில் நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களில் 81 சதவீதத்தினருக்கு அதற்குமுன் எந்த மருத்துவரும் அதைச் சொல்லியிருக்கவில்லை! ஐந்து பேரில் நான்கு பேர், தங்களுக்கு இப்படி ஒரு நோய் இருப்பதை அறியாமலே நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பீடியும் அடுப்பும்

மேலைநாடுகளில் இந்நோய்க்குக் காரணம் கேட்டால் சிகரெட் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அங்கே நோயாளிகளில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குப் புகையிலையே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமக்கு அது பொருந்தாது. 2016-ல் இந்தியாவில் இந்நோயால் உண்டான பாதிப்பில் காற்று மாசின் பங்கு 54 சதவீதம் என்றும், புகையிலையின் பங்கு 25 சதவீதம் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். வேலையிடத்துத் தூசியும் வாயுவும் 16 சதவீதத்துக்குச் சற்று மேல்.

புகையிலை என்றால் இங்கே முதலில் பீடி. 2016-17-ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் வயதுவந்தவர்களில் 7.7 சதவீதத்தினர் பீடியும், 4 சதவீதத்தினர் சிகரெட்டும் பிடித்தனர். இலையில் சுற்றிய சின்னப் பொருள்தானே, சிகரெட்டைவிடச் சாதுவானது என்று நம்புகிறவர்கள் பலர். பீடி லேசில் அணைந்துவிடும். அணையாமலிருக்க அடிக்கடியும் அழுத்தமாகவும் இழுக்கவேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் கூடுதலாகவே உள்ளே போகின்றன.

பெண்களின் கதை வேறு. அதே கணக்கெடுப்பில் புகைபிடிக்கும் பெண்கள் 100-க்கு 2 பேர்தான். ஆனாலும் இளைப்போடு எங்களிடம் வரும் நடுவயதுத் தாய்மார் பலர் உண்டு. "ஐயோ, நான் பீடியைக் கையால் தொட்டதில்லை சிஸ்டர்" என்பார்கள். "விறகடுப்பில் எத்தனை வருஷம் சமைத்தீர்கள் அம்மா?" என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். பத்துப் பன்னிரண்டு வயதில் தாய்க்கு உதவியாக அடுப்படிக்குப் போனவர்கள். ஜன்னல் இல்லாத சமையல்கட்டில் ஊதுகுழலை வாயில் வைத்து ஈர விறகையும் சுள்ளியையும் வரட்டியையும் ஊதி எரியவிட்டவர்கள். வீட்டுப் புகையை முதன்முதலாக அளந்தவர்களில் ஒருவரான கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1980-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் தமது வேலையை ஆரம்பித்தார். மூடாத விறகடுப்பு ஒரு மணி நேரம் எரிவது, அந்தச் சமையலறையில் 400 சிகரெட்டுகளைக் கொளுத்துவதற்குச் சமம் என்பது அவர் சொல்லிவந்த ஒப்புமை.

நமக்கு அருகிலேயே, திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களில் புகைபிடிக்காத, 30 வயதுக்கு மேற்பட்ட 900 பெண்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியினர் பரிசோதித்து 2011-ல் முடிவுகளை வெளியிட்டனர். 2.4 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது. ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் செலவிட்டவர்களில் அது 3 சதவீதம். உலகக் கணக்கோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணாகத் தோன்றும். இவர்கள் ஒருவரும் புகைபிடிக்காதவர்கள், முப்பது வயதிலிருந்தே எண்ணப்பட்டவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் படிக்கவேண்டும்.

அடுப்புகள் மாறிவருகின்றன என்பது சந்தோஷமான செய்தி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 83 வீடுகள் எரிவாயு போன்ற சுத்தமான எரிபொருளில் சமைக்கின்றன. அகில இந்திய அளவில் 59 வீடுகள். சிலிண்டர் வந்த வீட்டிலும் குளிக்க வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் பின்கட்டில் விறகு எரிவது வேறு விஷயம். மேலும், இன்று அடுப்பு மாறினாலும் முப்பது வருடம் உள்ளே போன புகையின் பாதிப்பு உடனே மறைந்துவிடாது. இப்போது ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் தாய்மார் அந்தப் பழைய புகையைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள்.

காசநோயையும் இங்கே சொல்லவேண்டும். உலகில் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் காசநோய் பிடிக்கிறவர்களில் ஏறத்தாழ கால்வாசிப்பேர் இந்தியர். 1912-ல் மதனப்பள்ளியில் தொடங்கிய ஆரோக்கியவரம் போன்ற மிஷன் ஆஸ்பத்திரிகள் இந்த ஒரு வியாதிக்காகவே எழுந்தன. இன்று மாத்திரையால் காசநோய் குணமாகிறது. ஆனால் கிருமி போன பிறகும் நுரையீரலில் வடு தங்கி, சிலருக்கு மூச்சுக்குழாய் அடைப்பாக மாறுகிறது. அவர்கள் இருமும்போதெல்லாம் "மறுபடியும் டி.பி." என்று பயந்து, சளியில் கிருமி இல்லாதபோதும் டி.பி. மாத்திரைக்கே திரும்பப் போகிறவர்கள் உண்டு.

ஊதிப் பார்க்கும் கருவி

இரத்த அழுத்தத்தை அறிய கையில் பட்டை கட்டுகிறோம். சர்க்கரையை அறிய விரலில் குத்துகிறோம். மூச்சடைப்பை உறுதியாக அறிய ஊதித்தான் பார்க்கவேண்டும். ஸ்டெதஸ்கோப் போதாது, எக்ஸ்ரேயில் ஆரம்ப நிலை தெரியாது. ஸ்பைரோமீட்டர் என்னும் இந்தக் கருவி புதியதுமல்ல. லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் 2,000-க்கும் மேற்பட்டோரை ஊதச் சொல்லி அளந்து 1846-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். அன்று அது ஆளுயரத் தொட்டி. இன்று உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது.

நோயாளியை உட்காரவைத்து, மூக்கைக் கிளிப்பால் அடைத்து, மூச்சை நிறைய இழுத்து ஒரே வேகத்தில் ஊதச் சொல்கிறோம். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று எங்கள் டெக்னீஷியன் போடும் சத்தம் வராந்தாவரை கேட்கும். குறைந்தது ஆறு வினாடி ஊதவேண்டும். மூன்று முறையாவது சரியாக வரவேண்டும். குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஊதச் சொல்கிறோம். மொத்தக் காற்றில் 70 சதவீதம்கூட முதல் வினாடியில் வெளியேறவில்லையென்றால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். கருவியைவிட, நிதானமாகச் சொல்லிக்கொடுத்து ஊதவைக்கும் ஆள்தான் கிடைப்பதற்கு அரிது.

என்ன செய்யலாம்?

போன மூச்சைத் திருப்பித்தர மருந்தில்லை என்பதை நோயாளியிடம் மறைப்பதில்லை. இருக்கிற மூச்சைக் காப்பாற்ற நிறைய வழி உண்டு. முதலாவது, பீடியை விடுவது. அறுபதில் விட்டாலும் பிரயோஜனம் உண்டு. மேலே சொன்ன 66 மில்லி, 30-ஐ நோக்கி இறங்குகிறது. விட விரும்புகிறவர்கள் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 112 356-ல் ஆலோசனை பெறலாம்.

இரண்டாவது இன்ஹேலர். இதற்கு எங்கள் பக்கத்தில் இருக்கும் பயம் சொல்லிமுடியாது. "பம்பு அடிச்சா பழகிப்போயிடும், அப்புறம் அது இல்லாம இருக்கமுடியாது" என்று பக்கத்துவீட்டுக்காரர் சொல்லியிருப்பார். ஊசி போட்டால்தான் கேட்கும் என்று மூன்று நாளைக்கொருமுறை ஊசி போட்டுக்கொள்வார்கள். அது சில மணிநேரச் சுகம். இன்ஹேலரில் மருந்தின் அளவு மிகச் சிறியது. போகவேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. ஸ்பேசர் என்னும் குழலை இணைத்துக்கொண்டால் வயதானவர்களுக்கும் சுலபம். தினமும் போடவேண்டியதை, இளைக்கும்போது மட்டும் போட்டு மூன்று மாதம் ஓட்டுகிறவர்கள்தான் திடீரென்று மூச்சுத்திணறி இரவில் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள்.

உதட்டைக் குவித்து, சூடான காபியை ஆற்றுவதுபோல் மெதுவாக மூச்சை விடக் கற்றுக்கொடுக்கிறோம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கப் பழக்குகிறோம். இளைக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் கால் தசை வற்றி இன்னும் அதிகமாக இளைக்கும். சளிக்காய்ச்சல், நிமோனியா தடுப்பூசிகளும் தேவை.

ஆக்சிஜனைப் பற்றி ஒரு வார்த்தை. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன் செறிவூட்டும் இயந்திரங்கள் பல இடங்களில் தானமாகக் கொடுக்கப்பட்டன. அந்நாட்களில் அவை உயிர்களைக் காத்தன. அதிலிருந்து, இளைப்பு நோயாளி என்றாலே ஒரு இயந்திரம் வாங்கிக்கொடுக்கலாமா என்று நண்பர்கள் அன்போடு கேட்கிறார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் எப்போதும் மிகக் குறைவாக இருக்கிறவர்களுக்கு, தினம் 15 மணி நேரமாவது கொடுத்தால் ஆயுள் நீடிக்கிறது என்று 1980, 1981-ல் வந்த ஆய்வுகள் காட்டின. ஓரளவு மட்டும் குறைந்திருக்கிறவர்களுக்கு வீட்டில் ஆக்சிஜன் கொடுத்ததால் ஆயுளும் கூடவில்லை, ஆஸ்பத்திரிக்கு வருவதும் குறையவில்லை என்பது 738 பேரைக் கொண்டு நடந்து 2016-ல் வெளியான அமெரிக்க ஆய்வின் முடிவு. ஆகவே விரல் நுனியிலும், வேண்டியிருந்தால் இரத்தத்திலும் அளந்து பார்த்தே முடிவு செய்கிறோம். அது தேவைப்படுகிறவர் வீட்டில், அந்த அறையில் பீடி, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் எரியக்கூடாது.

பெரும்பாலான நோயாளிகளுக்கு வேண்டியது மாதம் தவறாமல் கிடைக்கும் இன்ஹேலரும், அதைச் சரியாகப் பிடிக்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துத் திருத்தும் ஒரு நர்சும்தான். அதற்கும் முன்னால், அந்த ஐந்தில் நான்கு பேர் ஒருமுறை வந்து ஊதிப் பார்க்கவேண்டும். உங்கள் வீட்டிலோ சபையிலோ நாற்பது வயதைத் தாண்டியவர், புகைபிடித்தவரோ விறகடுப்பில் நெடுநாள் சமைத்தவரோ, இரண்டு மாதத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தால், அல்லது சமதரையில் நடக்கும்போது நின்று நின்று மூச்சு வாங்கினால், பழைய எக்ஸ்ரேக்களையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு காலையில் அழைத்துவாருங்கள். வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. ஊதுவதற்குக் கொஞ்சம் பலம் வேண்டும், லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டே வரலாம்.